ஒரு தேக்கரண்டியின் எடை

அறிக்கையில் ஹீமோகுளோபின் 9.6 என்று அச்சாகியிருந்தது; அதற்குக் கீழே, உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 7. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறைந்தால் இரத்தசோகை என்பதும், ஃபெரிட்டின் 15-க்குக் கீழே இறங்கினால் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள் என்பதும் எனக்கு முன்பே தெரியும். மாடிப்படியின் நடுவில் நின்று மூச்சு வாங்கியதையும், சீப்பில் முடி கொத்தாக வந்ததையும், மதியம் மூன்று மணிக்குமேல் எழுத்துகள் கண்ணில் நிற்காமல் நழுவியதையும் வேலைப்பளு என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். பத்து நாள் சாப்பிட்டேன். வயிறு கல்லாய் இறுகியது, காசை நக்கியதுபோல் ஒரு சுவை நாக்கிலேயே நின்றது, காலையில் குமட்டியது. பதினோராம் நாள் மாத்திரை அட்டையை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, இனி எனக்கு வேண்டியதை இலைகளிலிருந்தும் விதைகளிலிருந்துமே எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

வயிற்றை மட்டும் குற்றம் சொன்னால் அது முழு உண்மை ஆகாது. மாத்திரை என்றாலே எனக்கு ஓர் இளப்பம் உண்டு. ஒழுங்காகச் சாப்பிடத் தெரியாதவர்கள்தான் வைட்டமினையும் தாதுவையும் புட்டியிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள் என்று பல ஆண்டுகளாக நம்பி வந்தேன். நம்பியதோடு நிற்காமல், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லியும் வந்தேன். இலையில் இருக்கும் இரும்பு உயிருள்ளது, ஆலையில் செய்த இரும்பு செத்தது என்று ஒருமுறை ஒரு தோழியிடம் மணிக்கணக்கில் வாதாடியதை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. இரும்பு ஒரு தனிமம்; அதற்கு உயிரும் இல்லை, சாவும் இல்லை. ஆனாலும் அந்த நம்பிக்கை முழுக்கப் பொய் என்று இன்றும் சொல்லமாட்டேன். அதில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்று பிரித்தெடுக்க எனக்கு ஓராண்டுக்குமேல் ஆயிற்று.

அடுத்த நான்கு மாதங்கள் ஒரு விரதம்போல் கழிந்தன. காலையில் எழுந்ததும் வெந்நீரில் இரண்டு தேக்கரண்டி மூலிகைப் பொடி. பல இலைகளை உலர்த்தி அரைத்த, வைக்கோல் மணம் வீசும் பச்சைப் பொடி. பதினொரு மணிக்கு ஒரு கைப்பிடி பூசணி விதை. மதியம் தவறாமல் ஒரு கீரை. மாலையில் பயறு, அதன் மேலேயே ஒரு கோப்பை டீ. அந்தப் பொடி டப்பாவின் பக்கவாட்டில் இருந்த அட்டவணையை நான் மனப்பாடமாகச் சொல்வேன்: பாலைப்போல் பதினாறு மடங்கு கால்சியம், பாலக்கீரையைப்போல் பத்து மடங்கு இரும்பு, ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி. இத்தனையும் உள்ளே போகும்போது இரத்தம் ஊறாமல் எங்கே போய்விடும் என்று இருந்தேன். நான்கு மாதம் கழித்து மறுபடியும் இரத்தம் கொடுத்தேன். ஹீமோகுளோபின் 9.4. ஃபெரிட்டின் 6.

ஒரு கிராம் பள்ளம்

"மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார் மருத்துவர். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மருந்துச் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் கணக்குப் போடத் தொடங்கினார். இயல்பான இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கும். என் எடைக்கும், ஹீமோகுளோபினில் இருந்த பற்றாக்குறைக்கும், வற்றிப்போன கையிருப்புக்கும் சேர்த்துப் பார்த்தால் என் உடலில் ஏறக்குறைய 1,000 மில்லிகிராம், அதாவது ஒரு முழு கிராம் இரும்பு குறைகிறது. நல்ல உணவு ஒரு நாளில் குடலைக் கடந்து இரத்தத்தில் சேர்ப்பது ஒன்றிலிருந்து இரண்டு மில்லிகிராம்தான். தோல் உதிர்வதிலும், குடலின் உட்சுவர் செல்கள் கழிவதிலும், மாதவிடாயிலும் வெளியேறுவதும் கிட்டத்தட்ட அதே அளவு. செலவு போக நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் மிச்சம் பிடிக்க முடிந்தாலும் பள்ளம் நிரம்ப ஆயிரம் நாள் ஆகும்; மூன்று ஆண்டுக்குச் சற்றுக் குறைவு.

"சாப்பாடு மட்டத்தைக் காப்பாத்தும்மா. பள்ளத்தை நிரப்புறது வேற வேலை. அதோட, எங்கே ஒழுகுதுன்னும் பார்க்கணும்" என்றார். ஒழுகுவதைப் பற்றி அதுவரை நான் நினைத்தே பார்த்திருக்கவில்லை. சில ஆண்டுகளாக எனக்கு மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகம். அதை யாரிடமும் ஒரு நோயாகச் சொன்னதில்லை. வரவைக் கூட்டுவதிலேயே கருத்தாக இருந்தவள் செலவுக் கணக்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இரத்தசோகை என்றவுடன் கீரையைத் தேடி ஓடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இரத்தம் ஏன் குறைந்தது என்பதுதான். வயிற்றில் ஆறாத புண்ணோ, குடலில் சத்தை உறிஞ்ச முடியாத கோளாறோ இருந்துவிட்டால், எந்த இலையைத் தின்றாலும் அது ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீர்தான்.

ஆனால் அன்றைக்கு இதையெல்லாம் நான் ஒப்புக்கொண்டு எழுந்து வரவில்லை. அவர் சொல்வது சாதாரண உணவுக்குப் பொருந்தும், நான் சாப்பிடுவது சாதாரணப் பொடியா என்ற எண்ணத்தோடுதான் வீடு திரும்பினேன்.

தராசில் இரண்டு கிராம்

அந்த வாரக் கடைசியில் அக்கா வந்திருந்தாள். பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். எதையும் நம்பவும் மாட்டாள், சட்டென்று மறுக்கவும் மாட்டாள். என் புலம்பலை எல்லாம் கேட்டுவிட்டு டப்பாவை எடுத்துக் கண்ணருகே வைத்துப் படித்தாள். "இதெல்லாம் நூறு கிராமுக்குப் போட்டிருக்குடி. நீ ஒரு நாளைக்கு எவ்வளவு போட்டுக்கறே?" என்றாள். இரண்டு ஸ்பூன் என்றேன். "ஸ்பூனுக்கு எத்தனை கிராம்?" எனக்குத் தெரியவில்லை. நான்கு மாதமாக நாள் தவறாமல் சாப்பிட்ட ஒன்றின் எடை எனக்குத் தெரியவில்லை.

கேக் செய்வதற்காக வாங்கிய சிறிய மின்தராசு அலமாரியில் இருந்தது. அக்கா அதன் மேல் ஒரு கிண்ணத்தை வைத்துச் சுழியமாக்கினாள். நான் வழக்கம்போல் ஒரு தேக்கரண்டி பொடியை எடுத்து, கிண்ணத்தின் விளிம்பில் தட்டிக் கொட்டினேன். திரையில் 2 என்று வந்தது. ஒரு நொடி 3 ஆகி மறுபடியும் 2-க்கே திரும்பி அங்கேயே நின்றது. இரண்டாவது கரண்டியையும் கொட்டினேன்: 5. தராசு கெட்டிருக்கும் என்று ஒரு நாணயத்தை வைத்துப் பார்த்தேன். தராசில் எந்தக் கோளாறும் இல்லை. உலர்ந்த இலைப் பொடி பார்வைக்குக் குவிந்து தெரியும், எடையில் ஒன்றும் இருக்காது. 

ஐந்து கிராம். அட்டவணைப்படி 100 கிராமில் 28 மில்லிகிராம் இரும்பு என்றால் ஐந்து கிராமில் 1.4. மாதவிடாய் நிற்காத வயதில் இருக்கும் பெண்ணுக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படுவது 18 மில்லிகிராம். அந்த 1.4-லும் தாவர இரும்பு என்பதால் இருபதில் ஒரு பங்கோ பத்தில் ஒரு பங்கோதான் உள்ளே சேரும், தாராளமாகவே 0.14 என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாதத்துக்குப் பதினேழு மில்லிகிராம். மருத்துவர் சொன்ன பள்ளம் ஆயிரம். கால்சியக் கணக்கும் இப்படியேதான் சரிந்தது. பதினாறு மடங்கு என்பது நூறு கிராம் பொடியை நூறு கிராம் பாலோடு ஒப்பிட்டு எழுதியது. ஒரு தம்ளர் பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். என் இரண்டு கரண்டியில் 100. பசுமையான இலையின் எடையில் பெரும்பங்கு நீர்தான். அந்த நீரை வெளியேற்றிவிட்டால் எஞ்சிய ஒவ்வொரு சத்தும் எண்ணில் பல மடங்காகத் தெரியும். ஈரமுள்ள பொருளை உலர்ந்த பொருளோடு நிறுத்தி ஒப்பிட்டால் உலர்ந்தது வெல்லாமல் என்ன செய்யும்? உலர்ந்த தைம் இலையில் 100 கிராமுக்கு 120 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. இறைச்சி எதுவும் அதன் அருகில் வராது. ஆனால் சூப்பில் தூவுவது ஒரு கிராம்.

அக்கா டப்பாவைத் திருப்பி அடியில் இருந்த நிகர எடையைக் காட்டினாள். 100 கிராம். அந்த எண்கள் எல்லாம் டப்பா முழுவதையும் ஒரே நாளில் தின்று தீர்ப்பவருக்கு உரியவை. "ஒரு டப்பாவை ஒரே நாள்ல முழுங்கினா நீ சொன்னது அத்தனையும் சரி" என்றாள். நாங்கள் இருவருமே சிரித்தோம். எனக்குச் சிரிப்பு சற்று முன்னதாகவே நின்றுவிட்டது. டப்பாவில் எழுதியிருந்தது எதுவும் பொய் இல்லை என்பதுதான் என்னை அதிகம் உறுத்தியது. ஒவ்வொரு எண்ணும் மெய். என் கரண்டிக்கும் அந்த எண்ணுக்கும் இடையே இருந்த தூரத்தைப் பற்றி மட்டும் அது வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இலையில் இருப்பதும் உடலில் சேர்வதும்

அன்றிலிருந்து கொஞ்ச நாள் எனக்குத் தராசுப் பித்துப் பிடித்திருந்தது. பொடி போகட்டும், கீரையாவது கைகொடுக்கிறதா என்று பார்த்தேன். பச்சைப் பாலக்கீரையில் 100 கிராமுக்கு 2.7 மில்லிகிராம் இரும்பு. கால் கிலோ கீரையைச் சட்டியில் போட்டு மூடினால் ஐந்து நிமிடத்தில் ஒரு பிடியாகச் சுருங்கிவிடும். அதில் ஏழு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. இது பொடியைப்போல் ஏமாற்றும் அளவு அல்ல, நல்ல அளவுதான். (பாலக்கீரையின் இரும்பை ஒருவர் தசமப் புள்ளியைத் தவறாக வைத்துப் பத்து மடங்காக்கிவிட்டார் என்று ஒரு கதை நெடுநாளாகச் சுற்றி வருகிறது. அந்தத் தசமப் புள்ளியைத் தேடிப் போனவர்களுக்கு அது எங்கும் அகப்படவில்லை. பிழையைத் திருத்த வந்த கதையே ஒரு பிழை.) சிக்கல் அளவில் இல்லை, சேர்மானத்தில் இருந்தது.

பாலக்கீரை தின்றபின் பல்லில் மெல்லிய மணல் தேய்த்ததுபோல் ஓர் உணர்வு வரும். இலையில் உள்ள ஆக்ஸலேட்டின் வேலை அது. இந்த ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்துக் கரையாத உப்பாக்கிவிடுவதால், பாலக்கீரையின் கால்சியத்தில் நம் உடல் எடுத்துக்கொள்வது ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து. பாலில் அது முப்பதை ஒட்டி இருக்கும். ஆக்ஸலேட் குறைவாக உள்ள காலே போன்ற இலைகளில் பாலையும் மிஞ்சும். இரண்டுமே பச்சை இலை, இரண்டிலும் கால்சியம் உண்டு. ஒன்று தருகிறது, மற்றொன்று தன்னிடமே வைத்துக்கொள்கிறது. இலை தன் தாதுக்களைத் தனக்காகச் சேர்த்துக்கொள்கிறது, நமக்காக இல்லை என்ற எளிய உண்மை அப்போதுதான் எனக்கு உறைத்தது. இயற்கை நமக்கென்று பொட்டலம் கட்டி வைத்திருக்கிறது என்ற எண்ணம் எங்கிருந்து எனக்குள் வந்து குடியேறியதோ தெரியவில்லை.

பயறிலும் முழுத் தானியத்திலும் இந்தப் பிடியைப் பிடிப்பது ஃபைட்டிக் அமிலம். விதை முளைக்கும்போது வேண்டிய பாஸ்பரஸைச் சேமித்துவைக்கும் பெட்டகம் அது. இரும்பையும் துத்தநாகத்தையும் சேர்த்தே பூட்டிக்கொள்ளும். 1950-களின் இறுதியில் ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர் ஈரானின் ஷிராஸிலும், பின்னர் 1960-களின் தொடக்கத்தில் எகிப்திலும் வளர்ச்சி குன்றிய இளைஞர்களைக் கண்டார். வயது இருபதை ஒட்டியும் உடல் சிறுவர்களைப்போல் நின்றுவிட்டிருந்தது. அவர்களுடைய உணவில் பெரும்பங்கு புளிக்கவைக்காத முழுக்கோதுமை ரொட்டி. கோதுமையில் துத்தநாகம் இல்லாமல் இல்லை. ஃபைட்டிக் அமிலத்தின் உப்பான ஃபைட்டேட் அதை விடாமல் பிடித்திருந்தது. மனிதருக்குத் துத்தநாகக் குறைபாடு என்று ஒன்று வரக்கூடும் என்பதே அதன் வழியாகத்தான் மருத்துவ உலகுக்குத் தெரியவந்தது. முழுத்தானியம், தீட்டாதது, இயற்கையானது என்று நான் புகழும் அதே பண்புகள் அங்கே தடையாக நின்றன. ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகியவை விதைக்குள் தூங்கும் ஃபைட்டேஸ் நொதியை எழுப்பி அந்தப் பூட்டைத் தளர்த்துகின்றன. எந்தப் பயறு என்பதைவிட, முந்தைய இரவு அதை நீரில் போட்டோமா என்பதில் பாதி விடை இருக்கிறது.

என் மாலைநேர டீக்கு இப்போது வருகிறேன். டீயில் உள்ள பாலிஃபீனால்கள் தாவர இரும்போடு சேர்ந்து அதைக் குடல் உறிஞ்ச முடியாத வடிவத்துக்கு மாற்றிவிடுகின்றன; உணவோடு சேர்த்துக் குடித்தால் உள்ளே போகும் இரும்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நான் பயறைத் தின்று, அதன் மேலேயே டீயை ஊற்றி, ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிக்கொண்டிருந்தேன். டீக்கு நேர் எதிர்த்திசையில் இழுப்பது வைட்டமின் சி. தாவர இரும்பு பெரும்பாலும் ஃபெரிக் நிலையில் இருக்கிறது. குடல் செல் அதை ஃபெரஸ் நிலையில்தான் உள்ளே விடும். அந்த மாற்றத்தை வைட்டமின் சி செய்து கொடுக்கிறது. அதே தட்டில் ஒரு எலுமிச்சையைப் பிழிந்தால் ஒரு வேளை உணவிலிருந்து சேரும் இரும்பு இரண்டு மடங்குக்கும் மேலாகலாம். கேரட்டிலும் கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டினுக்கு இதேபோல் எண்ணெய் வேண்டும், சூடும் வேண்டும். உணவில் இருக்கும் 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டினைத்தான் 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ-க்குச் சமம் என்று கணக்கு வைக்கிறார்கள். பச்சையாகத் தின்பதே இயற்கை என்று நான் எண்ணெயைத் தவிர்த்துக் கேரட்டைக் கடித்த நாட்களும் உண்டு.

கொதித்துச் சுண்டிய எலுமிச்சை

சத்தைச் சுருக்கிப் புட்டியில் அடைத்துவிட்டால் அதன் பலனும் உள்ளே அடைந்துவிடும் என்ற நினைப்பு என்னோடு தொடங்கியது இல்லை. 1747 மே மாதத்தில் சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் ஈறு அழுகி நடக்க முடியாமல் கிடந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு வகை மருந்து கொடுத்துப் பார்த்தார். கடல்நீர் குடித்தவர்களும் புளிக்காடி குடித்தவர்களும் கிடந்த இடத்திலேயே கிடந்தார்கள். நாளுக்கு இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் தின்ற இருவரும், பழம் தீர்ந்துபோன ஆறு நாட்களுக்குள் எழுந்துவிட்டார்கள். இதுவரை பலருக்கும் தெரிந்த கதை. அதே லிண்ட், கப்பலில் பழம் அழுகிவிடுமே என்று சாற்றைச் சுடவைத்துச் சுண்டக்காய்ச்சிப் பாகாக்கிப் புட்டியில் அடைக்கச் சொன்னார் என்பது பிற்பகுதி. காய்ச்சியதில் வைட்டமின் சி பெரும்பாலும் அழிந்துபோயிற்று. நிறம் இருந்தது, புளிப்பு இருந்தது, பேரும் எலுமிச்சைதான். நோயைத் தீர்த்த ஒன்று மட்டும் அதில் இல்லை. எலுமிச்சைச் சாறு கப்பற்படையில் முறையாக நடைமுறைக்கு வர 1795 ஆயிற்று.

பின்னர் 1860-களில் எலுமிச்சைக்குப் பதிலாக மேற்கிந்தியத் தீவுகளின் லைம் என்ற வேறொரு எலுமிச்சை வகையின் சாற்றுக்கு மாறினார்கள். புளிப்புதான் மருந்து என்று நினைத்ததால் இரண்டும் ஒன்றே என்று கொண்டார்கள். அந்தச் சாற்றில் வைட்டமின் சி ஏற்கெனவே குறைவு. காற்றும், சாறு ஓடிய செப்புக் குழாய்களும் மிச்சத்தையும் தின்றுவிட்டன. 1875-ல் வடதுருவத்தை நோக்கிப் புறப்பட்ட ஜார்ஜ் நேர்ஸின் பயணத்தில், கப்பலில் சாறு இருந்தும் ஆட்கள் அதே நோயில் விழுந்தார்கள். என் பச்சைப் பொடியின் டப்பாவில் "ஆரஞ்சைவிடப் பல மடங்கு" என்று இருந்ததும் பறித்த உடன் அளந்த பசுமை இலையின் கணக்குத்தான். இலையை உலர்த்தும்போது இரும்பும் கால்சியமும் எங்கும் போவதில்லை. வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடுகிறது. பொடியின் கணக்கில் தாதுவை உலர்ந்த நிலையிலும் வைட்டமினை ஈரநிலையிலும் எடுத்துக்கொண்டு, இரண்டு இலாபத்தையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

இலை தராதவை

சில சத்துகளில் சேர்மானம், பக்குவம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வைட்டமின் பி12-ஐத் தாவரமும் செய்யாது, விலங்கும் செய்யாது. பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள் மட்டுமே செய்யும். நமக்கு அது இறைச்சி, மீன், முட்டை, பால் வழியாக வருகிறது. நாளுக்கு 2.4 மைக்ரோகிராம் என்ற கண்ணுக்குத் தெரியாத அளவுதான் தேவை, ஆனால் எந்தக் கீரையைக் கூடை கூடையாகத் தின்றாலும் அது கிடைக்காது. ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியில் இருப்பதாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். கல்லீரல் சில ஆண்டுகளுக்கு வேண்டியதைச் சேர்த்துவைத்திருப்பதால் குறை உடனே தெரியவும் தெரியாது. இதில் எனக்கு முதுகு சில்லிட்ட இடம் ஒன்று உண்டு. ஃபோலேட் என்ற பெயரே இலை என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது; 1941-ல் அதற்குப் பெயர் வைத்தவர்கள் பாலக்கீரையிலிருந்துதான் அதைப் பிரித்தெடுத்திருந்தார்கள். இந்த ஃபோலேட் மிகுதியாக உள்ளே போனால், பி12 குறைவால் வரும் இரத்தசோகையை அது மறைத்துவிட முடியும். இரத்தம் சரியாக இருப்பதுபோல் தெரியும்; நரம்புகள் உள்ளே சிதைந்துகொண்டிருக்கும். கீரைக்கு இதில் அஞ்ச வேண்டியதில்லை, ஃபோலிக் அமில மாத்திரைகளில்தான் அந்த அளவு வரும். இருந்தாலும், பால்கூடத் தொடாத தோழி ஒருத்தியிடம் பி12 பரிசோதனை செய்துகொள் என்று நான் நச்சரிக்கத் தொடங்கியது இதைப் படித்த நாளில்தான்.

அயோடினும் செலினியமும் மண்ணைப் பொறுத்தவை. ஒரே விதையை இரு வேறு நிலங்களில் விதைத்தால் இரு வேறு அளவில் செலினியம் இருக்கும். மண்ணில் அயோடின் இல்லாத மலைப்பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகக் கழுத்துக்கழலை இருந்ததற்குக் காரணம், அங்கிருந்தவர்கள் இயற்கையாகச் சாப்பிடாதது இல்லை. இயற்கையானதைத் தவிர வேறெதையும் அவர்கள் சாப்பிடவே இல்லை. சுவிட்சர்லாந்தில் 1922-லும் அமெரிக்காவில் 1924-லும் உப்பில் அயோடின் கலக்கத் தொடங்கிய பிறகே அது குறையத் தொடங்கியது.

இதைப் படிப்பவர்கள் நான் மாத்திரைக் கட்சிக்கு மாறிவிட்டேன் என்று நினைக்கக் கூடும். என் பழைய நம்பிக்கையில் இருந்த மெய்யை நான் எங்கும் விட்டுவிடவில்லை. கேரட்டும் கீரையும் மிகுதியாகத் தின்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கண்டு, பீட்டா கரோட்டினை மட்டும் தனியே எடுத்து ஃபின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பழக்கக்காரர்களிடம் சோதித்தார்கள். 1994-ல் வந்த முடிவில், நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. கேரட்டின் பலனைக் கேரட்டிலிருந்து பிய்த்தெடுத்தால் அது வேறொன்றாகிவிடுகிறது. அதே சமயம், இயற்கை என்பதற்காக அது தீங்கு செய்யாது என்றும் இல்லை. பனிக்கரடியின் கல்லீரலைத் தின்றால் அதிலுள்ள வைட்டமின் ஏ-யே நஞ்சாகும். மருந்து மூலிகை என்று நெடுங்காலம் குடிக்கப்பட்ட காம்ஃப்ரி இலை, ஈரலின் நுண்ணிய இரத்தக்குழாய்களை அடைத்துவிடக் கூடியது. கீரையில் மிகுந்திருக்கும் வைட்டமின் கே, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் என்ற மருந்தை எடுத்துக்கொள்பவரின் மருந்தளவையே குலைக்கும். உணவு உடலில் ஏதாவது செய்யும் என்று நம்பினால், அது தவறாகவும் செய்யும் என்பதையும் சேர்த்தே நம்பியாக வேண்டும்.

மாத்திரை அட்டையை இழுப்பறையிலிருந்து எடுத்தேன். இம்முறை மருத்துவர் ஒன்றுவிட்டு ஒரு நாள் எடுக்கச் சொன்னார். இரும்பு பெரிய அளவில் உள்ளே வந்தவுடன் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து குடலின் கதவை ஏறத்தாழ ஒரு நாளைக்குச் சாத்திவிடுகிறது. அந்த நேரத்தில் கொடுக்கும் அடுத்த மாத்திரை வயிற்றைப் புரட்டுவதைத் தவிர அதிகம் செய்வதில்லை. என் குமட்டலுக்குக்கூட ஒரு காரணம் இருந்திருக்கிறது. உதிரப்போக்குக்கும் தனியே சிகிச்சை எடுத்துக்கொண்டேன். ஐந்து மாதத்தில் ஹீமோகுளோபின் 12.7, ஃபெரிட்டின் 34. மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள்.

அதன்பிறகு ஓராண்டு வெறும் சாப்பாடு. பயறு இரவிலேயே ஊறுகிறது. கீரையில் எண்ணெயும் எலுமிச்சையும் விழுகின்றன. கால்சியத்துக்குப் பாலக்கீரையை நம்புவதில்லை. பூசணி விதையை மக்னீசியத்துக்காக விடாமல் தின்கிறேன், அது 100 கிராமுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் தருவது. ஒரு பிடி விதை முப்பது கிராம் நிற்கும், தராசில் போட்டுப் பார்த்துவிட்டேன். பச்சைப் பொடியின் கடைசி டப்பா இன்னும் அடுப்பருகே இருக்கிறது. வாசனைக்காகச் சூப்பில் ஒரு சிட்டிகை போடுவதுண்டு, அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. ஓராண்டு முடிவில் எடுத்த பரிசோதனையில் ஃபெரிட்டின் 33. மட்டத்தைக் காப்பாற்றியது இலையும் விதையும்தான் என்று அக்காவிடம் செய்தி அனுப்பினேன். "டீ?" என்று ஒரே ஒரு சொல்லில் பதில் வந்தது. உணவுக்கும் டீக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுவதாகத்தான் திட்டம். வாரத்தில் ஐந்து நாள் விட்டுவிடுகிறேன்.